நிர்வாகியின் கை எட்டாத பிரதி

2025-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி நடைபெற்ற போலீஸ் தின விழாவில் உரையாற்றிய பிரதமர் அன்வார் இப்ராஹிம், மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளுக்குள் அதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் புகுந்தவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள் என்றும், அதனைக் கொடுப்பதில்லை என்று தாம் கணமும் தயங்காமல் மறுத்துவிட்டதாகவும் பகிரங்கமாக அறிவித்தார். அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்த சாமானிய மனிதர் அநேகருடைய உள்ளத்தில், தொகையின் பிரம்மாண்டத்தைக் கண்ட வியப்பு அடங்கியபின், மிகவும் நியாயமானதொரு சந்தேகம் எழுந்திருக்கும். கணினியில் உள்ளது காகிதமன்று. ஒரு நொடியில் நகலெடுக்கத்தக்கது. அப்படியிருக்க, நகலொன்று கையில் இருக்குமானால், மூலத்தைப் பூட்டிவிட்டேன் என்று மிரட்டுகிறவனைப் பார்த்து எவரும் அஞ்சுவானேன்?

விமான நிலையங்களை விட்டுவிடுவோம். கிள்ளான் துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும் சரக்கு முகவர் நிலையங்களிலும், பிரிக்பீல்ட்ஸின் மாடிக் கட்டடங்களில் இயங்கும் கணக்காயர் அலுவலகங்களிலும் மருத்துவகங்களிலும் இதே மிரட்டல் சிறிய தொகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பேக்கப் என்று நாம் வழங்கும் காப்புப் பிரதியை அவ்வலுவலகங்களில் பல, நாள் தவறாமல் எடுத்தே வந்திருக்கின்றன. எனினும் ஆபத்து வந்த தினத்தில் அப்பிரதிகளும் மூலத்தோடு சேர்ந்தே மாண்டுபோகின்றன. பிரதி இருந்தும் அது பயன்படாமற் போவதன் காரணத்தை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பேற்ற ஒவ்வொருவரும், ஏனைய பாதுகாப்பு உபாயங்கள் அனைத்துக்கும் முன்பாக, இதனை உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திறக்க முடியாத பூட்டு

பூட்டப்பட்ட கோப்புகளை ஒரு சாமர்த்தியசாலியான தொழில்நுட்பர் திறந்துவிட முடியாதா என்ற கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுவது நலம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலை, ஆங்கிலத்தில் ரேன்சம்வேர் என்பார்கள். நாம் பணயநிரல் என்று அழைப்போம். இவ்வகை நிரல்களில் முதலாவது என்று கருதப்படுவது 1989-இல் தோன்றியது. எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல்கள் அடங்கியது என்று கூறி, சுமார் 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்கும் அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியவர்களுடைய கணினிகள் சில காலம் கழித்துத் திடீரென முடங்கி, பனாமா நாட்டுத் தபால்பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்பும்படி கட்டளையிட்டன. ஆனால் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் அந்நிரல் ஒரே சாவியையே பயன்படுத்தியதாலும், அச்சாவி நிரலுக்குள்ளேயே கிடந்ததாலும், நிபுணர்கள் அதனைக் கண்டெடுத்து விடுவித்துவிட்டார்கள்.

இந்தப் பலவீனம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1996-இல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பூட்டுவதற்கு ஒரு சாவியும் திறப்பதற்கு வேறொரு சாவியுமாகப் பிரித்துவிட்டால் எத்தகைய விபரீதம் விளையும் என்பதை, எச்சரிக்கும் நோக்கத்துடன் எழுதிக் காட்டினார்கள். தெருமுனையில் நிற்கும் அஞ்சல் பெட்டியில் எவர் வேண்டுமானாலும் கடிதத்தைப் போடலாம். போட்ட கடிதத்தைப் போட்டவராலும் திரும்ப எடுக்க முடியாது. பெட்டியைத் திறக்கும் சாவி அஞ்சல்காரர் ஒருவரிடமே உண்டு. அவ்வாறே, இன்றைய பணயநிரல் கொண்டுவருவது பூட்டும் சாவியை மாத்திரமே; திறக்கும் சாவி, கடல்கடந்து எங்கோ இருக்கும் களவாளியின் கையை விட்டு அகல்வதேயில்லை. நிரலைச் செய்தவர்கள் ஏதேனும் தவறு செய்திருந்தாலன்றி, எவ்வளவு திறமை வாய்ந்தவராலும் அப்பூட்டை உடைக்க இயலாது. ஆகவே மீட்சிக்குரிய மார்க்கம் காப்புப் பிரதி ஒன்றுதான் என்பது தெளிவாகிறது. களவாளிக்கும் இது நன்றாகத் தெரியும்.

கிள்ளானில் ஓர் அலுவலகம்

இனி ஓர் அலுவலகத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கற்பனை என்பது அதன் பெயரளவுக்குத்தான். அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவைச் சுற்றியுள்ள எந்தக் கட்டடத்திலும் காணலாம்.

சரக்குப் பெட்டகங்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் முகவர் நிலையம் அது. பதினான்கு கணினிகள்; ஒரு சர்வர்; அதில் பத்திரங்களும் கணக்குகளுமாக 2 டெராபைட் அளவுக்குத் தகவல். வருமான வரிச் சட்டப்படி ஏழாண்டுக் கணக்குகளைப் பேணவேண்டியிருப்பதால், பழையவற்றை எறிந்துவிடவும் வழியில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ள மின்விலைப்பட்டியல் முறையினால், கணினி நின்றால் பில் போடுவதும் நின்றுவிடும். இவை யாவற்றையும் ஓர் இளைஞர் கவனித்துக்கொள்கிறார். சர்வர், வலையமைப்பு, கண்காணிப்புக் கேமரா, காகிதம் சிக்கிக்கொள்ளும் அச்சு இயந்திரம் எல்லாம் அவருடைய பொறுப்பே. அவர் சிரத்தையுள்ளவர். இரவு 11 மணிக்குச் சர்வரின் தகவல் முழுவதும், அதே அறையில், வலையமைப்பில் இணைந்த தனிச் சேமிப்புக் கருவியாக இருக்கும் நாஸ் பெட்டிக்குத் தானாகவே நகலாகிறது. சர்வரின் பின்புறம் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் செருகப்பட்டு, வாரத்துக்கு ஒருமுறை அதற்கும் ஒரு நகல் செல்கிறது. இவை போதாவென்று, முக்கியமான கோப்புறைகள் இணையச் சேமிப்பகம் ஒன்றுடன் இடையறாது ஒத்திசைந்துகொண்டும் இருக்கின்றன. "பேக்கப் எல்லாம் இருக்குதானே தம்பி?" என்று முதலாளி கேட்டால், "மூணு இருக்கு பாஸ்" என்று அவர் கூறுவதில் பொய்யேதும் இல்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி, கோவிட் தொற்றையொட்டி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, கணக்குப் பிரிவினர் வீட்டிலிருந்தே வேலைசெய்ய வேண்டி, சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து காணும் வழி ஒன்று அவசர அவசரமாகத் திறந்துவிடப்பட்டது. ஆணை நீங்கி ஆண்டுகள் பல சென்றும் அவ்வழி மூடப்படவில்லை. இவ்வளவு சிறிய அலுவலகத்தை எவர் தேடிவரப் போகிறார் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் தேடுவது மனிதரல்லர். இணையத்தின் பழைய முகவரி முறையில் உள்ள மொத்த முகவரிகள் சுமார் 430 கோடி. அவை அனைத்தின் கதவையும், நல்ல இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து, 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இலேயே செய்து காட்டினார்கள். அவர்கள் ஆராய்ச்சிக்காகச் செய்ததைக் களவாளிகள் தொழிலாகச் செய்கிறார்கள். நமது அலுவலகத்தின் திறந்த கதவும் அவ்விதமே, எவரும் அதன் பெயரைக் கூட அறியாமல், ஒரு பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

அடுத்து மறைச்சொல். கணக்குப் பிரிவில் ஒருவர், எங்கோ ஒரு கடைத்தளத்தில் பயன்படுத்திய மறைச்சொல்லையே இங்கும் பயன்படுத்தியிருந்தார். அந்தக் கடையிலிருந்து அது கசிந்து பல காலம் ஆகிறது. இயந்திரம் அதனை முயன்றது, கதவு திறந்தது. நுழைந்தவன் உடனே எதையும் பூட்டிவிடவில்லை. ஒரு சாதாரண கிராணியின் அதிகாரத்தைக் கொண்டு பெரிய சேதம் செய்ய முடியாதென்று அவனுக்குத் தெரியும். ஆகையால் நாட்கணக்கில் மறைந்திருந்தான். ஒருநாள் அச்சு இயந்திரம் பழுதாக, நமது இளைஞர் அந்தக் கணக்குப் பிரிவுக் கணினிக்கே வந்து, சர்வ அதிகாரமும் கொண்ட தம்முடைய நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுச் சென்றார். ஒரு கணினியில் எவர் நுழைந்தாலும், அவருடைய அடையாளத்தின் தடயம் அதன் நினைவகத்தில் சற்று நேரம் தங்கியிருக்கும். காத்திருந்தவன் அதனைப் பொறுக்கியெடுத்துக்கொண்டான். அக்கணத்திலிருந்து அலுவலகத்தில் நிர்வாகிகள் இருவர்.

தீபாவளிக்கு முந்தைய இரவு, கட்டடம் முழுவதும் வெறிச்சோடியிருக்கும் வேளையில், இரண்டாவது நிர்வாகி தன் காரியத்தைத் தொடங்கினான். அவன் கை முதலில் சென்றது பிரதிகளின் மீதுதான். நாஸ் பெட்டியின் மறைச்சொல் சர்வரிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. ஆகவே அதில் இருந்தவை அனைத்தும் அழிந்தன. பின்புறம் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க், சர்வருக்குத் தன்னுடைய இன்னோர் அங்கமாகவே தோன்றுவதால், அதுவும் அழிந்தது. விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் பழைய நிலைப் பதிவுகள் ஒரே கட்டளையில் நீங்கின. பிறகு சர்வரின் கோப்புகள் பூட்டப்பட்டன. பூட்டப்பட்ட வடிவத்தை, மாறிய கோப்பு என்று கொண்டு, ஒத்திசைவு நிரல் மிகவும் விசுவாசமாக இணையச் சேமிப்பகத்துக்கும் ஏற்றிவைத்தது.

மூன்று பிரதிகள் இருந்தும்

சம்பவத்தைத் திரும்பிப் பார்க்குங்கால், மூன்று பிரதிகளும் ஒரே ஒரு காரணத்தால் அழிந்தன என்பது புலனாகும். வட்டு பழுதுபடுதல், தவறுதலாகக் கோப்பை நீக்கிவிடுதல், சர்வர் எரிந்துபோதல் ஆகியவை பிரதி எங்கே இருக்கிறதென்று அறியாத குருட்டு விபத்துகள். அவற்றுக்கு எதிராக அந்த மூன்றும் போதுமானவையே. களவாளியோ பிரதி எங்கே என்று தேடுகிறவன். தேடிக் கண்டபின் நிர்வாகியின் அதிகாரத்தைக் கொண்டே அதனை அழிக்கிறவன். நிர்வாகியால் எவை யாவும் முடியுமோ, அவை யாவும் அவனாலும் முடியும். எனவே நிர்வாகி தம் பிரதிகள் ஒவ்வொன்றின் முன்பும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: என்னுடைய பெயரும், நான் அறிந்த மறைச்சொற்கள் அனைத்தும் பிறன் ஒருவன் கையில் சிக்கினால், இந்நாற்காலியை விட்டு எழாமல் அவன் இந்தப் பிரதியை அழிக்க முடியுமா? முடியும் என்றால் அப்பிரதியைக் கணக்கில் சேர்க்கலாகாது.

இந்தக் கேள்வி நிர்வாகிகளில் சிலருக்குக் கசப்பாக இருப்பது இயற்கை. அவர்களுடைய தொழிலின் பெருமையே எல்லாவற்றையும் ஓரிடத்தில் அமர்ந்து ஆளுவதில் இருக்கிறது. அந்த வசதியில் ஒரு பகுதியைத் தாமாகவே துறக்கவேண்டும் என்பதுதான் நான் வற்புறுத்துவது.

கானாவில் ஒரு மின்வெட்டு

பெரிய நிறுவனங்களில் இது நேராது என்று நினைப்பவர்கள், உலகத்தின் சரக்குக் கப்பல் நிறுவனங்களுள் 2017-இல் முதன்மையாயிருந்த மேர்ஸ்க்குக்கு நேர்ந்ததைக் கேட்க வேண்டும். 2017 ஜூன் 27-ஆம் தேதி, உக்ரேன் நாட்டில் பரவலாக வழங்கிய கணக்கியல் மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாக, நாட்பெட்யா என்ற அழிவுநிரல் உலகெங்கும் பாய்ந்தது. தோற்றத்தில் அது பணயநிரல். உண்மையில், பணம் கொடுத்தாலும் எதையும் மீட்க வழியில்லாதபடி செய்யப்பட்டது. மேர்ஸ்க்கின் ஒடெஸா அலுவலகத்தில் அந்த மென்பொருள் ஒரு கணினியில் மட்டுமே இருந்ததாம். அது போதுமானதாயிற்று. விண்டோஸின் குறையொன்றைப் பயன்படுத்தியும், அக்குறைக்கு மார்ச் மாதமே வெளியான திருத்தத்தைப் போட்டிருந்த கணினிகளில், நமது கிள்ளான் உதாரணத்தில் கண்டவாறு, நினைவகத்தில் தங்கியிருந்த நிர்வாகிகளின் அடையாளங்களைப் பொறுக்கியும் அது பரவிற்று. பின்னர் அந்நிறுவனத்தின் தலைவரே கூறியபடி, 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவவேண்டியிருந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

இதில் நமக்கு முக்கியமானது வேறொரு விவரம். ஊழியர் யார் யார், எவருக்கு எந்த அதிகாரம் என்ற பதிவேட்டைக் காக்கும் தலைமைக் கணினிகளை டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள். மேர்ஸ்க்கிடம் அவை ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று பழுதானால் இன்னொன்று தாங்கும்படி அவை ஒன்றோடொன்று ஒத்திசைந்திருந்தமையால், தனிப் பிரதி எதற்கு என்று கருதப்பட்டிருந்தது. ஒரே பகலில் அவை அனைத்தும் அழிந்தன, ஒன்றைத் தவிர. ஆப்பிரிக்காவின் கானாவில் இருந்த அந்த ஒன்று, தாக்குதலுக்குச் சற்று முன் ஏற்பட்ட மின்வெட்டினால் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த தகவலை, மீட்புப் பணி நடந்துகொண்டிருந்த இங்கிலாந்துக்கு இணையத்தில் அனுப்ப நாட்கணக்கில் ஆகும் என்று தெரிந்தபோது, கானா ஊழியர்களுக்கு பிரிட்டிஷ் விசாவும் இல்லாமையால், ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை நைஜீரியாவுக்குக் கொண்டுசெல்ல, அங்கிருந்து மற்றொருவர் இலண்டனுக்கு விமானத்தில் எடுத்துச் சென்றார். கானாவின் கணினி மற்றவற்றைவிட எவ்விதத்திலும் உறுதியானதன்று. அந்த மணி நேரத்தில் எந்த நிர்வாகியின் கட்டளையும் அதனிடம் சென்று சேர முடியவில்லை. அதனால் மட்டுமே அது உயிர்தப்பியது.

மேர்ஸ்க்குக்குத் தற்செயலாய்க் கிட்டியதை நாம் திட்டமிட்டு அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஒரே ஆற்றின் கரையில்

காப்புப் பிரதியைப் பற்றிய பிரபலமான விதி ஒன்று உண்டு. பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பிரசித்தப்படுத்தியது அது: தகவல் மூன்று பிரதிகளாக இருக்கட்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். வேறோர் இடம் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்கள் சற்று நிதானித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நமது முகவர் நிலையத்தைப் போல, கிள்ளானில் அலுவலகமும் பிரிக்பீல்ட்ஸில் கிளையும் உள்ளவர், கோமுட்டர் இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரம் என்பதால், இரண்டையும் தனித்தனி உலகங்களாக எண்ணிவிடலாம். ஆனால் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிப் பாயும் ஆறுதான் ஷா ஆலமைக் கடந்து கிள்ளானுக்குள்ளும் வருகிறது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் பெய்த பெருமழையில், ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கிற்று. அதே மழையில் கோலாலம்பூர் நகரிலும் கிள்ளானிலும் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்துக் கடையறையில் வைக்கப்பட்ட சர்வருக்கும், இன்னோர் ஊரின் தரைத்தளத்தில் வைக்கப்பட்ட பிரதிக்கும் ஒரே மழை எமனாக முடியும். இரண்டாவது இடம் மேல்மாடியாகவாவது இருக்க வேண்டும்.

அலுவலகத்தைத் திருத்தியமைத்தல்

நமது கிள்ளான் அலுவலகத்தை இப்பொழுது மாற்றியமைப்போம். செலவு அதிகமில்லை, பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம்.

முதற்காரியமாக, நிர்வாகி தம்மை இருவராகப் பிரித்துக்கொள்கிறார். மின்னஞ்சல் வாசிப்பதற்கும் அன்றாட அலுவல்களுக்கும் ஏனையோரைப் போன்ற சாதாரணக் கணக்கு ஒன்று. சர்வரைத் திருத்தும்போது மட்டும் பயன்படுத்தும் நிர்வாகிக் கணக்கு வேறொன்று. இந்த இரண்டாவது கணக்கு, கணக்குப் பிரிவின் கணினியிலோ வரவேற்பறைக் கணினியிலோ ஒருநாளும் நுழையாது. அச்சு இயந்திரத்தைச் சரிசெய்ய, அந்தக் கணினிக்கு மட்டுமே செல்லுபடியாகும் தனி நிர்வாகக் கணக்கும், கணினிக்குக் கணினி வேறான மறைச்சொல்லும் போதும். வெளியிலிருந்து வரும் பழைய வழி மூடப்படுகிறது. தேவைப்படுவோர் விபிஎன் எனப்படும் மறையாக்கப்பட்ட தனிவழியாக, மறைச்சொல்லுடன் கைப்பேசியில் தோன்றும் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தே நுழையலாம். களவாளி நுழைந்து மறைந்திருப்பதை இவை கடினமாக்கும். எனினும் இவை அனைத்தும் ஒருநாள் தோற்கும் என்று வைத்துக்கொண்டே பிரதிகளை அமைக்கவேண்டும்.

நாஸ் பெட்டியைப் பொறுத்தவரை, நகலெடுக்கும் திசை தலைகீழாக்கப்படுகிறது. முன்பு சர்வர் பெட்டிக்குள் நுழைந்து பிரதியைத் தள்ளிற்று; ஆகவே சர்வரைக் கைப்பற்றியவனுக்குப் பெட்டியும் வசமாயிற்று. இனிமேல் பெட்டி சர்வருக்கு வந்து, வாசிக்க மட்டும் உரிமை பெற்ற கணக்கின் வழியே, பிரதியை இழுத்துக்கொள்ளும்; பெட்டிக்குள் நுழைய சர்வரிடம் எந்தச் சாவியும் இருக்காது. பெட்டியின் மறைச்சொல் எந்தக் கணினியிலும் சேமிக்கப்படாமல், காகிதத்தில் எழுதி முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைக்கப்படும். மறைச்சொல்லைக் காகிதத்தில் எழுதலாகாதென்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் கடலுக்கப்பால் இருப்பவனால் கிள்ளானில் உள்ள ஓர் இரும்புப் பெட்டியைத் திறக்க முடியாது.

வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மூன்றாகிறது. அவற்றுள் ஒன்று மட்டும், அதுவும் நகலெடுக்கும் சில மணி நேரம் மட்டும், செருகப்பட்டிருக்கும், மற்றொன்று அலமாரியில், மூன்றாவது பிரிக்பீல்ட்ஸ் கிளையின் மேல்மாடியில். வெள்ளிதோறும் அவை முறைமாறும். ஊரைவிட்டு ஊர் செல்லும் வட்டு வழியில் தொலைந்தாலும் பிறர் வாசிக்க இயலாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இணையச் சேமிப்பகத்தில், ஒத்திசைவை மட்டும் நம்பியிராமல், பூட்டுக்காலம் என்ற வசதியை வாங்கிக்கொள்கிறோம்: ஏற்றிய பிரதியை, குறித்த நாட்கள் கழியும்வரை, ஏற்றியவரே கேட்டாலும் அழிக்க இயலாது. அந்நாட்கள் எத்தனை என்பதில் கஞ்சத்தனம் கூடாது. மறைந்திருப்பவன் வாரக்கணக்கில் மறைந்திருப்பானாதலால், நேற்றைய பிரதியிலும் அவன் வைத்த பொறி இருக்கக்கூடும். ஆகவே ஒரு வாரத்துக்கு அன்றாடப் பிரதிகளும், சில மாதங்களுக்கு வாரப் பிரதிகளும், ஓராண்டுக்கு மாதப் பிரதிகளுமாகப் பின்னோக்கி நீள்வது நல்லது.

பேசாத அச்சு இயந்திரம்

1904-இல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே மூன்று போலிக் கட்டளைகள் சென்றன. மொத்தம் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர். ஒன்று துபாய்க்கு, ஒன்று துருக்கிக்கு, ஒன்று சீனாவுக்கு. அனுப்பப்படும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒப்புதல் சீட்டை அச்சிட்டுக் கொடுக்கும் இயந்திரம் அங்கு உண்டு. களவாளிகள் அதனைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். மறுநாள் காலை கணக்குகளை ஒப்புநோக்கியபோதுதான் களவு வெளிப்பட்டு, துபாய்க்குச் சென்றது தடுக்கப்பட்டது. அதற்கு ஈராண்டுக்கு முன் பங்களாதேஷ் மத்திய வங்கியில் 8 கோடியே 10 இலட்சம் டாலர் களவுபோனபோதும், அச்சு இயந்திரம் இவ்விதமே மௌனமாக்கப்பட்டிருந்தது. கும்பகோணத்து நிகழ்ச்சிக்கு அடுத்த மாதமே நமது மத்திய வங்கியான பேங்க் நெகாராவிலும் இதே வழியில் பணத்தை நகர்த்த முயற்சி நடந்து, நஷ்டமின்றி முறியடிக்கப்பட்டது.

காப்புப் பிரதிக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் நெருக்கமானது. பிரதி எடுக்கும் நிரல் தோல்வியுற்றால் செய்தி அனுப்பும்படி நிர்வாகிகள் அமைப்பது வழக்கம். நிரலையே நிறுத்திவிட்டால் தோல்விச் செய்தியை அனுப்புவது யார்? செய்தி ஏதும் வராத காலைப்பொழுதை நிர்வாகி நல்ல காலைப்பொழுதென்று எண்ணிக்கொள்வார். ஆகவே வெற்றியும் தினந்தோறும் அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்பு வராத நாளில் காரணத்தைத் தேடவேண்டும். நேற்று 2 டெராபைட்டாக இருந்த பிரதி இன்று பாதியாகச் சுருங்கினாலோ, ஒரே இரவில் கோப்புகளில் பெரும்பான்மை மாறியிருந்தாலோ, அதுவும் விசாரணைக்குரியதே. பூட்டப்பட்ட கோப்புகள் எல்லாம் மாறிய கோப்புகளாகவே தோன்றும் என்பதை முன்பே கண்டோம்.

மீட்டுப் பார்த்தல்

பிரதி எடுப்பதில் உள்ள ஊக்கம், அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதில் அநேகருக்கு இருப்பதில்லை. நமது அலுவலகத்தின் 2 டெராபைட்டையும் இணையச் சேமிப்பகத்திலிருந்து, நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில், தங்குதடையின்றி இறக்கினாலும் 44 மணி நேரத்துக்கு மேலாகும். நடைமுறையில் இரண்டு முழு நாட்கள். அதே தகவல், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வாசிக்கப்படும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிடும். பெட்டகங்கள் துறைமுகத்தில் காத்திருக்க, தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் தொழிலில், இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதென்பதைச் சொல்லவேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் மேல்மாடி வட்டைப் பழையபாணி என்று எள்ளுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வலையமைப்பில் இணையாத பழைய கணினி ஒன்றில், சர்வரை முழுவதுமாக மீட்டு, கணக்குப் பிரிவினரை அழைத்து ஒரு பழைய விலைப்பட்டியலைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதே சரியான பரீட்சை. மென்பொருளின் உரிமச் சாவி காணாமற்போயிருப்பதும், மறையாக்கத்தின் மறைச்சொல் சர்வரிலேயே தங்கிவிட்டிருப்பதும் இத்தகைய பரீட்சையில்தான் வெளிவரும்.

பிரதியால் காக்க முடியாதது

ஒன்றை மறைக்காமல் கூறிவிட வேண்டும். இக்காலத்துக் களவாளிகள் பூட்டுவதற்கு முன்பே தகவலைக் கவர்ந்துசென்று, பணம் தராவிட்டால் ஊரறிய வெளியிடுவோம் என்றும் மிரட்டுகிறார்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டை விவரங்கள் களவுபோனபின், எத்தனை பிரதிகள் இருந்தாலும் அக்களவை இல்லையென்று ஆக்கிவிட முடியாது. தேவையற்ற பழைய தகவல்களைச் சர்வரில் குவிக்காதிருப்பதே அதற்கு ஓரளவு பரிகாரம். 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அந்த 72 மணி நேரத்தின் தொடக்கத்தில் செய்வதற்குரியவை சில. பாதிக்கப்பட்ட கணினிகளின் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்துக. கணினிகளை அவசரப்பட்டுத் துடைத்தழிக்க வேண்டாம், தடயங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. 1997-இலிருந்து இயங்கிவரும் மைசெர்ட் குழுவினர், சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவை வழியாக, சிறிய அலுவலகங்களின் முறையீடுகளையும் ஏற்கிறார்கள்; அவர்களை அழைக்கலாம். களவாளி நுழைந்த வழி இன்னதென்று தெரிந்து, அது அடைக்கப்படும்வரை, அலமாரியிலிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எந்தக் கணினியிலும் செருகக்கூடாது. பதற்றத்தில் அதனைச் செருகி, எஞ்சியிருந்த ஒரே பிரதியையும் அவனிடம் ஒப்படைத்தவர்கள் உண்டு.

இவ்வளவையும் கணினியில் எழுதிவைத்தால், அக்கணினி பூட்டப்பட்ட நாளில் எவராலும் வாசிக்க முடியாது. ஆகையால் யாரை அழைப்பது, எந்தச் சர்வரை முதலில் மீட்பது, எந்த வட்டு எங்கே இருக்கிறது, அதைத் திறக்கும் மறைச்சொல் எந்த உறையில் இருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் அச்சிட்டு, ஒரு படியை இரும்புப் பெட்டியிலும் ஒரு படியை நிர்வாகியின் வீட்டிலும் வைக்க வேண்டும். நிர்வாகி விடுப்பில் இருக்கும் நாளை மனத்திற்கொண்டு, அத்தாளைப் பின்பற்றி மீட்புப் பரீட்சை ஒன்றை அலுவலகத்தில் வேறொருவரைக் கொண்டும் ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும்.